மனநிறைவுச் சான்று

நல்லுறவு வாரியத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் வாய் தவறிக்கூடக் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னால், சொன்னவரின் வீட்டில் என்ன குறை இருக்கிறது என்று பார்க்க வாரியத்திலிருந்து ஆள் வந்துவிடுவார். வீட்டுக்காரர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் கோர்ட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலையக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் தொடங்கப்பட்ட வாரியம் அது. எண்ணம் நிறைவேறிவிட்டது. இப்போது எல்லாரும் வாரியத்துக்கு மட்டும்தான் அலைகிறார்கள்.

அப்படி அலைந்தவர்களில் பழவேற்காடு ஜலாலுதீனும் ஒருவர். கருவாடு, இறால் மொத்த வியாபாரம். யாரையும் எடுத்தெறிந்து பேசத் தெரியாத மனிதர். கும்மிடிப்பூண்டியில், சிப்காட்டுக்குப் போகும் ரோட்டை ஒட்டி, மகள் சிஃபாவுக்காக ஒரு வீடு கட்டி வைத்திருந்தார். அவர்கள் குடும்பத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் பெண்ணுக்கென்று ஒரு வீடு இருந்தாக வேண்டும். வீடு கைக்கு வராமல் நிக்காஹ் தேதி குறிக்க மாட்டார்கள். மாப்பிள்ளையும் முடிவாகிவிட்டது. பெயர் ரிஜ்வான், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். எல்லாம் கூடி வந்த நேரத்தில் ஒரே ஒரு தடங்கல். வீட்டுக்குள் சுப்பராயன் இருந்தார்.

சுப்பராயன் குழாய் செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் நல்ல குழாயில் கெட்டதைத் தேடியவர். கம்பெனியை விட்டு வரும்போது 'ரிஜெக்ட்' என்று அச்சடித்த சிவப்பு ஸ்டிக்கர் ரோல் ஒன்று அவரோடு வந்துவிட்டது. வாடகைக்கு வந்த முதல் வாரமே குளியலறைக் குழாயில் ஒன்று ஒட்டினார். பிறகு கதவில், ஜன்னலில், மாடிப்படியில் என்று வீடே அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"மக நிக்காஹ் வெச்சிருக்கேன் சார். ஊட்ட விட்டுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்" என்று ஜலாலுதீன் கேட்டபோது, சுப்பராயன் வாசல் நிலையைத் தட்டிக் காட்டினார்.

"இன்னா பாய், இவ்ளோ பழுத வெச்சிகினு போவச் சொல்றீங்கோ? எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுங்க. அப்பறம் போறேன்."

"போறவருக்கு எதுக்கு சார் பழுது பாத்த ஊடு?"

"அது என் உரிமை பாய். போயி வாரியத்துல கேளுங்க."

கேட்கப் போனார். அதுதான் தப்பு.

வாரியம் பொன்னேரியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. வெளியே மழை நின்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே மழை இன்னும் நிற்கவில்லை. மேசைகளுக்கு நடுவே வாளிகள், அலமாரிகளின் மேல் தார்ப்பாய். ஊழியர்கள் சொட்டுக்குத் தகுந்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். சுவரோரம் ஒரு பெஞ்சில் பெரியவர் ஒருவர் குடையை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

சமரச அலுவலரின் பெயர் குணசுந்தரி. எதிரே நிற்பவரைப் பார்த்து எப்போதும் இரக்கத்தோடு புன்னகை செய்வார். அந்தப் புன்னகையை நம்பித்தான் ஜலாலுதீன் வாயைத் திறந்தார்.

"மேடம், என் ஊட்ல இருக்கறவரக் காலி பண்ணணும்."

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கூடக் கையை எடுத்துவிட்டார். குணசுந்தரி ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தார்.

"அந்த வார்த்தைய இங்க சொல்லக் கூடாதுங்க. கேக்கவே எவ்ளோ கஷ்டமா இருக்கு பாருங்க. இல்லத்திலிருந்து விடைபெறுதல்னு சொல்லணும்."

"சரி மேடம். அவரு விடைபெறணும்."

"வீடுன்னா என்ன? செங்கல்லா, சிமெண்டா? வீடுன்றது ஒரு உறவு. நீங்க உறவப் பாக்காம சுவரப் பாக்கறீங்க. எங்க வாரியத்துக்கு வந்த எந்த உறவும் இது வரைக்கும் முறிஞ்சதில்ல. ஏன்னா யாருமே விடைபெற்றதில்ல. மாநிலத்துலயே எங்க கிளைக்குத்தான் இந்தப் பெருமை."

ஜலாலுதீன் தலையில் விழுந்த சொட்டைத் துடைத்துக்கொண்டார்.

"சட்டம் ரொம்ப எளிமையானது" என்று குணசுந்தரி தொடர்ந்தார். "பழுதுள்ள வீட்லேர்ந்து ஒருத்தர வெளிய அனுப்பறது மனிதாபிமானம் இல்ல. மொதல்ல எல்லாப் பழுதையும் சரி பண்ணுங்க. அவரு மனசு நெறஞ்சு மனநிறைவுச் சான்றுல கையெழுத்து போடுவாரு. அதக் கொண்டு வாங்க. உங்க மனுவ எடுத்துக்கலாம்."

"அவரு கையெழுத்து போடலைன்னா?"

"அப்ப அவரு மனசு நெறையலன்னு அர்த்தம்."

"மனசு நெறஞ்சு போச்சுன்னா அவரு எதுக்கு மேடம் ஊட்ட உட்டுப் போவாரு?"

குணசுந்தரியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, உறவு எவ்ளோ அழகா வளருது!"

மனு போடும் முன் ஒரு சடங்கு இருந்தது. அதன் பெயர் நல்லுறவுத் தேநீர். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் கைகோத்து நின்று உறுதிமொழி சொல்ல வேண்டும். பிறகு ஒரே தட்டிலிருந்து டீ எடுத்துக் குடிக்க வேண்டும். அதைப் படம் பிடித்துச் சுவரில் மாட்டுவார்கள். சுப்பராயன் அழைப்பை ஏற்று, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். இருவரும் ஒரு வாளியின் இரு பக்கமும் நின்று கைகோத்தார்கள்.

"வீடு வரும், வீடு போகும். உறவே என் உறைவிடம். என் வீட்டை நான் வீடென்று நினையேன்" என்று ஜலாலுதீன் சொல்லி முடித்தார். சுப்பராயன் டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து டம்ளரில் ஒட்டினார்.

அடுத்த வாரம் வாரியத்தின் பழுது மதிப்பீட்டாளர் ஜோஷ்வா கும்மிடிப்பூண்டிக்கு வந்தார். இளைஞர், மரியாதையானவர், கையில் டார்ச் வைத்திருந்தார். நல்ல வெளிச்சத்திலும் அதை அடித்துத்தான் பார்த்தார். குழாய் சொட்டுவது, கதவு உரசுவது, மொட்டை மாடியில் விரிசல் எல்லாம் சரிதான். ஜலாலுதீனே தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் சுப்பராயன் ஜன்னலைத் திறந்து விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். விரல் கறுப்பானது. சுற்றியுள்ள இரும்பு ஆலைகளின் கரி ஊர் முழுக்கத்தான் படிகிறது, சோற்றிலும் விழுகிறது.

"இதுவும் ஊட்டுக்காரர் பொறுப்புதாங்க" என்றார் ஜோஷ்வா.

"தம்பி, அது கம்பெனி கரி! நானா அடுப்பு வெச்சிக் கொளுத்தறேன்?"

"கரி யாருதோ இருக்கலாங்க. ஆனா எது வழியா உள்ள வருது? ஜன்னல் வழியா. ஜன்னல் யாருது?"

அதே முறையில், இரவில் போகும் சரக்கு ரயிலின் சத்தமும் ஜலாலுதீனின் பொறுப்பாயிற்று, ஏனென்றால் சுவர் அவருடையது. பக்கத்து மனையில் மேயும் ஆடு வேலியைத் தாண்டி முழித்துப் பார்ப்பதும் அவர் பொறுப்பாயிற்று, ஏனென்றால் வேலி அவருடையது. ஆடு பார்க்கும்போது சாப்பாடு இறங்கவில்லை என்று சுப்பராயன் வாக்குமூலம் கொடுத்திருந்தார்.

வேறு ஆளாக இருந்தால் இந்த இடத்தில் சட்டையைக் கிழித்துக்கொண்டு கத்தியிருப்பார். ஜலாலுதீன் ஒரு கணக்குப் போட்டார். எப்படியும் நிக்காஹுக்கு முன்னால் வீட்டைச் சீர் பண்ணி, சுண்ணாம்பு, பெயின்ட் அடித்து, பெண்ணிடம் புதுசாகத்தான் ஒப்படைக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். அந்த வேலையை இப்போதே முடித்துவிட்டால் சுப்பராயனின் மனசும் நிறையும், மகளின் வீடும் தயாராகும். ஒரே செலவு. வியாபாரி மூளைக்கு இது ரொம்பச் சரியாகப் பட்டது.

கேட்ட பழுதை மட்டும் பார்க்காமல் கேட்காததையும் பார்க்கத் தொடங்கினார். தரைக்கு டைல்ஸ் வந்தது. ஜன்னலுக்குக் கரி புகாத இரட்டைக் கண்ணாடி, மொட்டை மாடிக்கு வெயிலும் மழையும் இறங்காத பூச்சு. சமையலறையை சிஃபா ஒரு படத்தில் பார்த்து ஆசைப்பட்ட மாதிரியே இழுப்பறைகள் வைத்து இழைத்தார்கள். உள்ளறைக்கு அவள் கேட்ட இளம்பச்சை. கொத்தனார்கள் வரும் போதெல்லாம் சுப்பராயன் முன்னறிவிப்பு இல்லை என்று கேட்டைப் பூட்டிக்கொள்வார். அவர் தூங்கும் நேரம், பேப்பர் படிக்கும் நேரம், ஸ்டிக்கர் ஒட்டும் நேரம் எல்லாம் போக மிச்சத்தில்தான் வேலை நடந்தது.

"வாப்பா, நீங்க ஊட்ட நல்லாக்க நல்லாக்க அவரு எதுக்குப் போவப் போறாரு?" என்று சிஃபா கேட்டாள்.

"மனசு நெறஞ்சா கையெழுத்து போட்ருவாரும்மா."

"உங்களுக்கு நெறஞ்சிருச்சா?"

ஜலாலுதீன் கொத்தனார் பில்லை எடுத்துக் கூட்டத் தொடங்கினார். அன்று காலையில்தான் ரிஜ்வான் வீட்டிலிருந்து போன் வந்திருந்தது. ரம்ஜானுக்கு முன்னால் ஆகுமா ஆகாதா என்று கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் வேறு ஓர் இடத்திலிருந்தும் கேட்கிறார்கள் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார்.

வாரியத்தில் காத்திருக்கும் நேரங்களில் குடைப் பெரியவரோடு பழக்கமாகிவிட்டது. பெயர் சடையப்பன். ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் வைத்துக்கொண்டிருந்தவர். ஒரு நாள் ஜலாலுதீன் கேட்டார்.

"ஐயா, உங்க ஊடு எங்க கீது?"

சடையப்பன் குடைக்குள்ளிருந்து விரலை மேலே காட்டினார். பிறகு கீழே காட்டினார். பிறகு சுற்றிக் காட்டினார்.

"இதான் பாய்."

"இது வாரியமாச்சே!"

"வாரியந்தான். என் கட்டடத்துல குடித்தனம். வயல வித்துக் கட்டுனேன். கவர்மெண்டு சமாச்சாரம், வாடக ஒழுங்கா வரும்னு நெனச்சிக்கினு குடுத்துட்டேன். இப்ப என் பையனுக்குக் கட வைக்க எடம் வேணும். காலி பண்ணச் சொல்லி மனு போட்ருக்கேன்."

"யார்கிட்ட?"

"இவங்ககிட்டத்தான். வேற யார்கிட்டப் போடறது?"

"சரி, ஒழுகறதயாச்சும் அடைக்கக் கூடாதா?"

"குடியிருக்கறவங்க புகார் குடுத்தாத்தான் நான் பழுது பாக்கலாம். வாரியம் தனக்குத்தானே புகார் குடுத்துகினா அது முறைகேடாம். அதனால ஒழுகுது. ஒழுகறதால பழுதுள்ள கட்டடம். பழுதுள்ள கட்டடத்துலேர்ந்து காலி பண்ணச் சொல்ல முடியாது." சொல்லிவிட்டுக் குடையைக் கொஞ்சம் நகர்த்தி ஜலாலுதீனுக்கும் இடம் கொடுத்தார்.

கடைசியில் ஒரு நாள் வந்தது. வீட்டில் ஒரு குறையும் மிச்சமில்லை. ஜோஷ்வா டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். கட்டிலுக்கு அடியிலும் படுத்துப் பார்த்தார். ஆடு பார்க்க முடியாதபடி மதில் எழும்பியிருந்தது. சுப்பராயனிடம் சான்றை நீட்டினார்கள். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

"மனசு நெறையல" என்றார். குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது. "காலையில எழுந்தா ஒட்டறதுக்கு ஒரு எடம் இல்ல. ரோலு அப்படியே கீது. ராத்திரியில தூக்கம் வரல. பேஜாராப் போச்சு சார் எனக்கு."

வாரியம் இதை ஏற்றுக்கொண்டது. குறையின்மையால் ஏற்பட்ட மனக்குறை என்று பதிவு செய்து, குடியிருப்பவருக்கு மிதமான பழுது ஒன்றை வழங்குமாறு வீட்டுக்காரருக்கு அறிவுரை அனுப்பியது. ஜலாலுதீன் தன் கையாலேயே ஸ்பேனர் பிடித்து, சமையலறைக் குழாயைச் சொட்டச் செய்தார். சுப்பராயன் கண் கலங்க ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். அன்று நன்றாகத் தூங்கினாராம். மறுநாள், குழாய் சொட்டுவதால் மனநிறைவுச் சான்று வழங்க இயலாது என்று வாரியத்திலிருந்து கடிதம் வந்தது.

அப்போதுதான் ஜலாலுதீனுக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தி, "மேடம், நீங்களே வந்து என் ஊட்டப் பாருங்க!" என்று கத்திவிட்டார். கத்தியதும் தப்பாகப் போயிற்று. அவர் வந்துவிட்டார்.

அன்று நல்ல மழை. குணசுந்தரி உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றினார். காய்ந்த தரையில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். உள்ளறை நாற்காலியில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பழக்கதோஷத்தில் ஒரு முறை தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஈரமில்லை. ஜன்னலைச் சாத்தினார். லாரிச் சத்தம் நின்றுபோனது.

"ஜோஷ்வா, இங்க ஃபைல் நனையாது இல்ல?"

"நனையாது மேடம்."

"இந்தப் பச்சை கண்ணுக்கு எவ்ளோ குளிர்ச்சியா இருக்கு."

அடுத்த நாளே உத்தரவு தயாரானது. ஜலாலுதீனின் வீடு முன்மாதிரி இல்லமாக அறிவிக்கப்பட்டது. பொதுமக்கள் பார்த்துப் பயன் பெறும் வகையில், வாரியமே அங்கே குடியேறும். பொது நலனுக்காக என்ற பிரிவில் வீட்டுக்காரரின் சம்மதம் தேவையில்லை. குடியிருப்பவரின் சான்றும் தேவையில்லை. தேநீர், உறுதிமொழி எதுவும் தேவையில்லை. மத்தியானம் டெம்போ வந்து நின்றது. டீ நேரத்துக்குள் சுப்பராயனின் கட்டில் ரோட்டில் இருந்தது. இத்தனை நாளும் முடியவே முடியாது என்று சொன்ன வேலை அது.

"மேடம், இது என் மக ஊடு" என்றார் ஜலாலுதீன். "அவ நிக்காஹ் இந்த ஊட்ட நம்பித்தான் நின்னுகினு கீது. அல்லாவுக்குப் பொதுவா சொல்லுங்க, இது நியாயமா?"

குணசுந்தரி இரக்கத்தோடு புன்னகை செய்தார்.

"உங்க பொண்ணுக்குக் குடுத்தா ஒரு குடும்பம் வாழும். எங்களுக்குக் குடுத்தா எத்தன குடும்பம் சேந்து இருக்கும்! யாரையும் பிரியவே விடமாட்டோம். உங்களுக்கு ஆட்சேபணை இருந்தாத் தாராளமா மனு குடுங்க. உங்க உரிமை அது. எங்ககிட்டயே குடுக்கலாம், வெளிய எங்கயும் அலைய வேணாம்."

பிறகு, மனுவுக்கு முந்தைய உறுதிமொழிக்காகக் கையை நீட்டினார். ஜலாலுதீன் அந்தக் கையைப் பிடித்து, என் வீட்டை நான் வீடென்று நினையேன் என்று மறுபடி சொன்னார். படமெடுத்தார்கள்.

பொன்னேரிக் கட்டடம் காலியானதும் சடையப்பன் கும்மிடிப்பூண்டி வரைக்கும் தேடிக்கொண்டு வந்தார். பெஞ்சும் வாரியத்தோடு வந்திருந்தது; அது இப்போது சிஃபாவின் கூடத்தில், டி.வி. வைக்க இருந்த சுவருக்கு அடியில் கிடந்தது. ஜலாலுதீன் அதில் உட்கார்ந்திருந்தார். சடையப்பனுக்குச் சந்தோஷத்தை எங்கே மறைப்பது என்று தெரியவில்லை. குடையை மடக்கி நீட்டினார்.

"வெச்சிக்கோ பாய். எனக்கு இனிமே வேணாம்."

"என் ஊடு ஒழுகாதுங்களே."

சடையப்பன் கூரையை அண்ணாந்து பார்த்தார். "என்னுதும் ஒழுகாமத்தான் இருந்திச்சு. இவங்க வந்து உக்காந்தாங்க" என்று சொல்லி, குடையைப் பெஞ்சில் சாத்திவிட்டுப் போனார்.

சிஃபா அன்று வாப்பாவைக் கூட்டிப்போக வந்திருந்தாள். வாசலில் அவளை நிறுத்தி, யாரைப் பார்க்கணும் என்று கேட்டார்கள்.

"இது என் ஊடு."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. பெஞ்சுல உக்காருங்க, கூப்புடுவோம்."

அவள் உட்கார்ந்தாள். எதிரே அவளுடைய உள்ளறை திறந்திருந்தது. இளம்பச்சைச் சுவர் தெரியாத உயரத்துக்குக் கட்டுக் கட்டாகக் கோப்புகள். சமையலறை இழுப்பறைகளில் ரப்பர் ஸ்டாம்புகளை வைத்திருந்தார்கள். ரிஜ்வான் வீட்டார் ரம்ஜான் வரைதான் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அழ வேண்டும் போல இருந்தது. அழுதால் அதற்கும் ஏதாவது சான்று கேட்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து குணசுந்தரி குரல் கொடுத்தார். "ஜலாலுதீன், உங்க மனுவப் பாத்தோம். எடுத்துக்க முடியாது. சமையலறைக் குழாய் சொட்டுது. மொதல்ல அத சரி பண்ணுங்க. எனக்கு மனசு நெறஞ்சா நானே கையெழுத்து போடறேன்."

ஜலாலுதீன் ஸ்பேனர் எடுத்து வருவதற்காக எழுந்தார். வாப்பா அப்படி எழுந்ததைத்தான் சிஃபாவால் தாங்க முடியவில்லை. அவள் அவருடைய கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் சுப்பராயன் இருந்தார். தச்சூர்ப் பக்கம் ஒரு சந்தில் ஒற்றை அறை கிடைத்திருந்தது அவருக்கு. எழுந்து வந்தார். முகம் இளைத்திருந்தது.

"உங்க வாப்பாவ ரொம்பப் படுத்திட்டேன்" என்றார் தரையைப் பார்த்து. "இப்ப கீற ரூம்புல ஒட்ட ஆரம்பிச்சா ரோலே பத்தாதும்மா. அதான் ஒட்டல." மஞ்சள் பைக்குள் கைவிட்டு, அந்தச் சிவப்பு ரோலை எடுத்து அவள் கையில் வைத்தார். "நீ வெச்சிக்க. கம்பெனி கோந்து. சுரண்டுனாலும் வராது."

சிஃபா திரும்பி வந்து, வாசலில் பளபளவென்று மாட்டியிருந்த வாரியத்தின் பெயர்ப்பலகைக்கு நட்டநடுவில் ஒன்றை ஒட்டினாள். விரலால் அழுத்தித் தேய்த்தாள்.

ஜோஷ்வா ஓடி வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மெதுவாகச் சொல்ல, குணசுந்தரியே எழுந்து வாசலுக்கு வந்தார். பலகையைப் பார்த்தார். யார் ஒட்டியது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"எழுதிக்குங்க ஜோஷ்வா" என்றார். "பலகை மாட்டியிருக்கறது யார் சுவர்ல? வீட்டுக்காரர் பொறுப்பு. இத எடுக்கற வரைக்கும் அவரு மனுவ எடுக்க முடியாது."

சிஃபா தலையாட்டினாள். "எழுதிக்குங்க சார். நிக்க நேரம் இருந்தா நில்லுங்க, இன்னும் இருக்குது" என்று சொல்லி, ரோலிலிருந்து அடுத்ததைக் கிழித்துக்கொண்டு குணசுந்தரியின் நாற்காலியை நோக்கி உள்ளே போனாள்.